மூச்சு விடட்டும் பழைய புல்லட்!

விடிகாலை நேரம். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். வாசலில் கோலம் போட்டாகி விட்டது. தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக இரு பக்கமும் நின்று, அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். எல்லோர் கையும் பரபரக்கிறது.

நாலு வீடு தள்ளி, திண்ணை ஓரத்தில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி. இப்போது மகன் ஓட்டுகிறான். வண்டிக்கு அடியில் ஒரு கிழிந்த சாக்கு. அதன் மேல் கறுப்பாக ஒரு வட்டம். சொட்டு, சொட்டு என்று எண்ணெய் விழுந்துகொண்டே இருக்கிறது.

"என்ன தம்பி, வண்டி இப்படி ஒழுகுதே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"புல்லட்னா ஒழுகத்தான் செய்யும் அண்ணே! ஒழுகலைன்னா ஆயில் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்!" என்று சிரிப்பான்.

ஊர் ஊராக இந்த வேடிக்கைப் பேச்சு நடக்கிறது. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஒழுகுவது புல்லட்டின் பெருமை அல்ல. பல வண்டிகளில் அது மூச்சுத் திணறலின் அடையாளம். கையளவு கூட இல்லாத ஒரு சிறு உறுப்பு கெட்டுப் போனதால் வரும் தொல்லை அது. அந்த உறுப்புக்குப் பெயர் பிரீத்தர் வால்வு. தமிழில் மூச்சு வால்வு என்று சொல்லலாம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் ஊர் வண்டி

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருந்தது. 1955-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' கம்பெனியைத் தொடங்கின. வட சென்னையில் உள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள்.

தாய் வீட்டில் விளக்கு அணைந்தது. 1970-ம் ஆண்டோடு இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவானது. ராணுவ வீரர் ஓட்டினார். போலீஸ்காரர் ஓட்டினார். வியாபாரியும் மிராசுதாரும் ஓட்டினார்கள். 2013-ம் ஆண்டில் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆக, புல்லட் நமக்கு அயலூர் வண்டி அல்ல. பக்கத்து வீட்டு வண்டி.

புதிய புல்லட்டுகளுக்கு இப்போது புதிய வகை என்ஜின் வந்துவிட்டது. நாம் பேசுவது பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டைப் பற்றி. அப்படிப்பட்ட வண்டிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. அவற்றைப் பேணுவது எப்படி என்பதே கேள்வி.

என்ஜின் மூச்சு விடுமா?

விடும். நம்மைப் போலவே விடும்.

பழைய 350 புல்லட்டில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனுக்கு மேலே பெட்ரோல் எரிகிறது. பிஸ்டனுக்குக் கீழே ஒரு மூடிய அறை இருக்கிறது. அதுதான் கிராங்க் கேஸ். கிராங்க் என்னும் கனமான சக்கரங்கள் அதற்குள் சுழலும். எண்ணெய் அங்கே தூவானமாகப் பறந்துகொண்டிருக்கும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது என்ன நடக்கும்? கீழே உள்ள அறையில் இடம் குறைகிறது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கொள்ளும் அளவுக்கு, அதாவது 346 மில்லி லிட்டர் அளவுக்கு இடம் குறைந்துபோகிறது. உள்ளே இருந்த காற்று நசுங்குகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த இடம் மறுபடியும் திறக்கிறது.

நிமிஷத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் வண்டி ஓடினால், இது ஒரு விநாடிக்கு 50 தடவை நடக்கிறது. நாம் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் என்ஜின் பல தடவை மூச்சு வாங்கி விட்டுவிடுகிறது!

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு நல்ல என்ஜினாக இருந்தாலும், மேலே எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே கசியும். அதுவும் இந்த அறைக்குள்தான் வந்து சேரும். அதில் நீராவியும் இருக்கும். எரியாத பெட்ரோலும் இருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் கெட்டுப் போகும்.

ஆகவே, அறைக்கு ஒரு மூச்சுத் துவாரம் வேண்டும். அந்தத் துவாரத்தில் ஒரு காவற்காரனும் வேண்டும். அந்தக் காவற்காரன்தான் பிரீத்தர் வால்வு.

துருத்தியும் சைக்கிள் டியூபும்

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு தோல் மூடி இருக்கும். துருத்தியை விரித்தால் மூடி திறந்து காற்றை உள்ளே விடும். அமுக்கினால் மூடிக்கொள்ளும். காற்று உலை வழியாகத்தான் போயாக வேண்டும். வந்த வழியே திரும்ப முடியாது.

சைக்கிள் டியூபின் வால்வும் அப்படித்தான். பம்ப் அடித்தால் காற்று உள்ளே போகும். வெளியே வராது. சின்ன ரப்பர் துண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது.

புல்லட்டின் மூச்சு வால்வுக்கும் இதே வேலைதான். ஆனால் திசை வேறு. பிஸ்டன் இறங்கும்போது வால்வு திறந்து காற்றை வெளியே விட வேண்டும். பிஸ்டன் ஏறும்போது சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். பல புல்லட்டுகளில் இது வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர் துண்டு. உள்ளிருந்து ஊதினால் அலகு விரியும். வெளியிலிருந்து இழுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

வால்வு ஒழுங்காக வேலை செய்தால் ஓர் அருமையான காரியம் நடக்கிறது. காற்று வெளியே போகிறது, திரும்ப வருவதில்லை. அதனால் சிறிது நேரத்தில் அறைக்குள் காற்று குறைந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் சராசரியாக வெளிக் காற்றை விடச் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. அப்போது மூட்டுகளின் வழியாக எண்ணெய் வெளியே பிதுங்காது. மேலும், வெளியே போக வேண்டிய காற்றின் அளவே குறைந்துபோகிறது. ரிங் வழியாகக் கசிந்த வாயு மட்டும் போனால் போதும். காற்று குறைந்தால் அதோடு சேர்ந்து பறக்கும் எண்ணெயும் குறையும்.

வால்வு கெட்டால் எல்லாம் தலைகீழ். ரப்பர் காய்ந்து விறைத்துவிட்டால் அலகு மூடாது. ஒவ்வொரு ஏற்றத்திலும் வெளிக் காற்று உள்ளே பாய்கிறது. தூசியும் ஈரமும் கூடவே வருகின்றன. ஒவ்வொரு இறக்கத்திலும் அந்தக் காற்று முழுவதும் எண்ணெயை அள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிறது. அழுக்கால் குழாய் அடைத்துக்கொண்டாலோ இன்னும் மோசம். அழுத்தம் போக வழியில்லாமல், பேக்கிங் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் எண்ணெயைத் தள்ளுகிறது.

பசை பூசினால் தீருமா?

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். எண்ணெய் வந்த இடத்தை அடைக்கிறோம். எண்ணெயைத் தள்ளிய காரணத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு மூட்டில் கசிந்தால் அங்கே பசை பூசுகிறோம். அடுத்த மாதம் இன்னொரு மூட்டில் கசிகிறது. அங்கேயும் பசை. போல்ட்டை மேலும் மேலும் முறுக்குகிறோம். பழைய அலுமினியத்தில் மரை அறுந்து போகிறது. சிலர் மூச்சுக் குழாயையே துணி வைத்து அடைத்துவிடுகிறார்கள்! "இதிலேதான் ஆயில் வருது" என்று அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள். இருமுகிறவன் வாயைக் கட்டினால் இருமல் நிற்குமா?

தறியில் இழை ஓயாமல் அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? முடிச்சுப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்லை. தறியை நிறுத்துகிறார். பாவின் இழுவிசை சரியா, பண்ணையில் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கிறார். காரணத்தைத் திருத்தினால் இழை தானே நிற்கும். அந்த அறிவு நம் ஊர் நெசவாளிக்கு உண்டு. அதே அறிவைத் திண்ணை ஓரத்து வண்டிக்கும் காட்ட வேண்டும்.

இது வெறும் அழுக்குப் பிரச்னை அல்ல. மூச்சுக் குழாயிலிருந்து வரும் எண்ணெய் பின்சக்கர டயரில் பட்டால், திருப்பத்தில் வண்டி வழுக்கும். உயிருக்கே ஆபத்து. காஞ்சியில் வீதியெல்லாம் பக்தர்கள் நடக்கிறார்கள். திருவிழா நாளில் பலர் வெறுங்காலோடு நடப்பார்கள். நெசவுத் தெருவிலோ பட்டு இழையே தரையை ஒட்டிக் கிடக்கும். கறுப்பு எண்ணெய் பட்டில் பட்டால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்புக்குக் கறை விழும். மழை பெய்தால் தெருவில் கிடக்கும் எண்ணெய் சாக்கடை வழியாக நீர்நிலைக்குப் போய்ச் சேரும். ஒரு வண்டியின் சொட்டு சிறிது. ஊரின் சொட்டு சிறிதல்ல.

நல்ல வால்வு எது?

முதலில் இருக்கும் வால்வைப் பாருங்கள். பழைய ரப்பர் விறைத்தோ வெடித்தோ போயிருந்தால், அதே வகையில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டாலே பல வண்டிகளுக்குப் போதும். சிறு செலவில் முடிந்துவிடும்.

அதற்கு மேலும் நல்ல வால்வு வேண்டும் என்றால், மெல்லிய தகடு ஒன்று திறந்து மூடும் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. ஒரு விநாடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும் அல்லவா? கனமான மூடி அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. மெல்லிய தகடு கொடுக்கும். அதுதான் புதிய வால்வின் சிறப்பு.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வால்வு புதிதாக, சுத்தமாக இருக்கும்போதே, என்ஜின் பக்கத்து முனையில் வாய் வைத்து லேசாக ஊதுங்கள். தடையில்லாமல் காற்று போக வேண்டும். பிறகு உறிஞ்சுங்கள். காற்று வரவே கூடாது. இரண்டும் சரியென்றால் வால்வு நல்லது.

எப்படிப் பொருத்துவது?

தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு செய்வதே நல்லது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை வண்டிக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, என்ஜின் ஆறிய பிறகு பழைய குழாயைக் கழற்றுங்கள். கிராங்க் கேஸில் உள்ள மூச்சுத் துவாரத்தை நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு உள்ளே விழக் கூடாது.

இரண்டாவது, வால்வை என்ஜினுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். வால்வு தூரத்தில் இருந்தால், இடையில் உள்ள குழாய்க் காற்றே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். வால்வின் வேலை பாதி வீணாகும்.

மூன்றாவது, திசையைப் பாருங்கள். வால்வில் அம்புக்குறி இருந்தால் அது என்ஜினிலிருந்து வெளியே காட்ட வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று உள்ளேயே சேர்ந்து ஆயில் சீலைப் பிய்த்துவிடும். இதில் கவனம் தேவை.

நான்காவது, குழாய். எண்ணெயும் சூடும் தாங்கும் ரப்பர் குழாயாக இருக்க வேண்டும். தண்ணீருக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். குழாயின் உட்துளை மூச்சுத் துவாரத்தை விடச் சிறியதாக இருக்கக் கூடாது. சைலன்ஸர் குழாயையும் செயினையும் தொடாமல் கொண்டுபோக வேண்டும். நடுவில் பள்ளமாகத் தொங்கவிட்டால் அங்கே எண்ணெயும் நீரும் தேங்கி அடைக்கும். இரு முனையிலும் கிளிப் போடுங்கள்.

ஐந்தாவது, குழாயின் கடைசி முனை. பழைய காலத்தில் அதைச் செயின் பக்கமாகவோ தரைப் பக்கமாகவோ விட்டுவிடும் வழக்கம் உண்டு. இனி அது வேண்டாம். ஒரு சிறிய டப்பாவை வண்டியில் உறுதியாகப் பொருத்தி, குழாயை அதில் விடுங்கள். வரும் எண்ணெய் டப்பாவில் தங்கும். டப்பாவின் மேல்பக்கத்தில் காற்றுப் போக ஒரு துளை கட்டாயம் வேண்டும். துளை இல்லாத டப்பாவும் துணி அடைத்த குழாயும் ஒன்றுதான்!

ஆறாவது, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். வெளி முனையில் விரலை வைத்தால் காற்று விட்டுவிட்டு வெளியே வருவது தெரிய வேண்டும். விரலை உள்ளே இழுக்கக் கூடாது. பிறகு என்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். எந்த மூட்டு காய்ந்திருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று அப்போது தெரியும். இன்னும் நனையும் மூட்டுக்குத்தான் புதுப் பேக்கிங் தேவை.

டப்பாவில் சேரும் எண்ணெயை அவ்வப்போது வடித்துவிடுங்கள். அது நீரும் பெட்ரோலும் கலந்த கெட்ட எண்ணெய். மறுபடி என்ஜினில் ஊற்றக் கூடாது. சாக்கடையிலும் கொட்டக் கூடாது. பழைய ஆயில் சேகரிக்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

வால்வு செய்யாத வேலை

ஒரு வால்வு எல்லா நோயும் தீர்க்கும் சஞ்சீவி அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரிங் தேய்ந்து, சிலிண்டர் அகன்றுபோன என்ஜினில் வாயு மிக அதிகமாகக் கீழே இறங்கும். சைலன்ஸரில் நீலப் புகை வரும். அப்படிப்பட்ட வண்டிக்கு வால்வு மாற்றிப் பயனில்லை. சிலிண்டரையும் ரிங்கையும்தான் கவனிக்க வேண்டும்.

பல வாரம் ஓடாமல் நின்ற புல்லட்டில், தொட்டியில் உள்ள எண்ணெய் மெல்ல இறங்கிக் கிராங்க் அறையில் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்தவுடன் மூச்சுக் குழாய் வழியாக நிறைய எண்ணெய் வரும். இதைப் பார்த்து வால்வைத் திட்ட வேண்டாம். வாரம் ஒரு தடவையாவது வண்டியை ஓட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

"இந்த வால்வைப் போட்டால் வண்டி பறக்கும்" என்று யாராவது சொன்னால், அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வேகத்துக்காக அல்ல, சுத்தத்துக்காகவே இந்த வால்வு. எண்ணெய் உள்ளே நிற்பதே பெரிய லாபம்.

உலகம் கற்ற பாடம்

இந்தச் சின்ன மூச்சுக் குழாயை உலகமே ஒரு காலத்தில் அலட்சியம் செய்தது. மோட்டார் கார்களிலும் குழாய் வெறுமனே தரையைப் பார்த்து நின்றது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் புகைமூட்டத்தால் தவித்தது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. காரின் பின்புறப் புகை மட்டுமல்ல, இந்த மூச்சுக் குழாயிலிருந்து வரும் ஆவியும் காற்றைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 1961-ம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களில், அந்த ஆவியை மீண்டும் என்ஜினுக்கே அனுப்பி எரிக்கும் ஏற்பாடு வந்தது. அதிலும் முக்கிய உறுப்பு ஒரு சிறு வால்வுதான். நம் தெருவில் ஓடும் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் இந்த ஆவி வெளியே விடப்படாமல் உள்ளேயே எரிக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் பழைய வண்டிக்கு மதிப்பு வந்துவிட்டது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-ம் ஆண்டில் மத்திய அரசு விதி செய்தது. ஆகவே, வால்வு பொருத்துகிறேன் என்று கிராங்க் கேஸில் புதிய துளை போட வேண்டாம். எதையும் அறுக்கவோ பற்றவைக்கவோ வேண்டாம். இருக்கும் துவாரத்திலேயே பொருத்துங்கள். கழற்றிய பழைய உறுப்பை ஒரு டப்பாவில் போட்டு, பெயர் எழுதிப் பத்திரமாக வையுங்கள். நாளை உங்கள் பிள்ளை பழையபடி மாட்ட விரும்பினால் மாட்டிக்கொள்ளட்டும்.

அப்பா விட்டுப்போன வண்டியைப் பளபளவென்று துடைப்பதும், மாலை போட்டு ஆயுத பூஜை செய்வதும் நல்லதுதான். ஆனால் அந்த வண்டி கேட்பது மாலை அல்ல, மூச்சு. அதன் மூச்சுக் குழாயை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை குனிந்து பாருங்கள். ரப்பர் விறைத்திருக்கிறதா? குழாய் அடைத்திருக்கிறதா? டயரைப் பார்த்து நிற்கிறதா? இருந்தால் நாளைக்கே சரி செய்யுங்கள்.

பிறகு வண்டிக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுப்புச் சாக்கை எடுத்துவிடலாம். தெருவில் பாவு நீட்டுகிறவர்களும் நிம்மதியாக நீட்டலாம்.